அச்சமற்ற தெருவுக்கு என்ன விலை?



பொருளியல் சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் விலைவாசி, வட்டி, வரி என்று எதையாவது எதிர்பார்த்து வருவார்கள். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. இரவு பத்து மணிக்குப் பேருந்தைவிட்டு இறங்கி, கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் மறைக்காமல், பின்னால் வரும் வண்டிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காமல், வீடு வரை நடந்து போவது. இதற்கு ஒரு நகரவாசி எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பார்? அந்தத் தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்ததை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். மாநகராட்சி ஒரு தெருவுக்கு விளக்குப் போட்டால் கம்பத்துக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும். அந்த வெளிச்சத்தால் அந்தத் தெருக்காரர்களுக்குக் கிடைத்த நிம்மதிக்குக் கணக்கில் ஒரு வரிகூட இராது. செலவுப் பக்கம் நிரம்பி, பயன் பக்கம் காலியாகக் கிடக்கும் கோப்பு நிதித்துறையின் மேசையில் தோற்றுத்தான் போகும். ஐம்பது ஆண்டுகளாகப் பொருளியலாளர்கள் அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பப் பார்த்துவருகிறார்கள். அந்த முயற்சியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கண்ட எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை அச்சத்தையும் பணப்பையையும் ஒன்றாகச் சேர்த்தே அளக்கின்றன. பணம் உள்ளவர் பாதுகாப்புக்குப் பணமாகக் கொடுக்கிறார். இல்லாதவர் நேரமாக, படிப்பாக, வேலையாகக் கொடுக்கிறார். இந்த இரண்டாவது கொடுப்பனவையும் கணக்கில் ஏற்றாதவரை, பாதுகாப்புக்காக நகரம் செலவிடும் காசு போக வேண்டிய தெருவுக்குப் போகாது.

உயிருக்கும் மானத்துக்கும் விலை போடுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் கூச்சத்துக்கு 1968இலேயே தாமஸ் ஷெல்லிங் ஒரு வழி காட்டினார். இன்னாருடைய உயிர் எவ்வளவு பெறும் என்று யாரும் கேட்கவில்லை. பல்லாயிரம் பேருக்கு இருக்கும் ஒரு சிறு ஆபத்தை இன்னும் கொஞ்சம் குறைக்க, அந்தப் பல்லாயிரம் பேர் ஆளுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பதே கேள்வி. தலைக்கவசம் வாங்கும்போதும், ஜன்னலுக்குக் கம்பி போடும்போதும், இரவில் பேருந்தை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கும்போதும் நாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீட்டு விலை சொல்லும் சாட்சி

முதல் வழி, மக்களிடம் எதுவும் கேட்காமல் அவர்கள் செய்வதைப் பார்ப்பது. ஒரே அளவு, ஒரே வயது, ஒரே வசதியுள்ள இரண்டு வீடுகள். ஒன்று அமைதியான பகுதியில், இன்னொன்று திருட்டு மிகுந்த பகுதியில். விலையில் உள்ள வித்தியாசம் அமைதியின் விலை. வீட்டு விலையை இப்படிப் பண்பு பண்பாகப் பிரித்துப் பார்ப்பதற்கான கோட்பாட்டைச் ஷெர்வின் ரோசன் 1974இல் வகுத்துக் கொடுத்தார். அவரிடம் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மாணவர் ரிச்சர்ட் தேலர், பின்னாளில் 2017இல் நோபல் பரிசு பெற்றவர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் வீட்டு விற்பனைகளை எடுத்துக்கொண்டு தேலர் 1978இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சொத்துக் குற்றங்கள் ஒரு திட்ட விலக்கம், அதாவது இடத்துக்கு இடம் காணப்படும் வழக்கமான வேறுபாட்டின் அளவு, கூடினால் வீட்டு விலை சுமார் 3 விழுக்காடு குறைகிறது என்று அதில் காட்டினார்.

இதில் ஒரு சிக்கல் உடனே தெரியும். குற்றம் மிகுந்த பகுதியில் குற்றம் மட்டுமா இருக்கிறது? பள்ளிக்கூடம் சரியில்லை, சாக்கடை ஓடுகிறது, வேலை கிடைப்பதில்லை. விலை குறைந்தது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு லிண்டன், ராக்காஃப் என்ற இருவர் 2008இல் கூர்மையான ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவில், பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் குடியேறும் முகவரியைப் பொதுமக்கள் அறிய வைக்கும் சட்டங்கள் உண்டு. வட கரோலினாவின் மெக்லன்பர்க் மாவட்டத்தில் அப்படி ஒருவர் குடிவந்ததற்கு முன்னும் பின்னும் நடந்த விற்பனைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். பத்தில் ஒரு மைல், அதாவது சுமார் 160 மீட்டருக்குள் இருந்த வீடுகளின் விலை ஏறத்தாழ 4 விழுக்காடு சரிந்தது. அதற்கு அப்பால் சரிவு மறைந்துவிட்டது. பள்ளி அதே பள்ளி, சாலை அதே சாலை; மாறியது ஆபத்து பற்றிய எண்ணம் மட்டும். அதே ஆண்டு ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தைப் பற்றி வந்த இன்னோர் ஆய்வில், அந்த ஆள் வீட்டைக் காலி செய்து போனதும் விலை மீண்டும் ஏறியது தெரிந்தது.

லண்டனிலிருந்து வந்த முடிவு இன்னும் வியப்பானது. ஸ்டீவ் கிப்பன்ஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வீடு புகுந்து திருடும் குற்றங்கள் வீட்டு விலையைச் சொல்லும்படியாகப் பாதிக்கவில்லை. மாறாக, சுவரில் கிறுக்குவது, கண்ணாடியை உடைப்பது, பொதுப் பொருள்களை நாசம் செய்வது போன்ற குற்றங்கள் பாதித்தன. அவற்றின் அடர்த்தி ஒரு திட்ட விலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விலை 1 விழுக்காடு இறங்கியது. பூட்டை உடைத்துத் திருடியது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். உடைந்த கண்ணாடி, அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்தத் தெருவைக் கவனிக்க ஆளில்லை என்று அது பறைசாற்றுகிறது. ஆக, மக்கள் விலை கொடுத்துத் தவிர்ப்பது காவல் நிலையப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை அல்ல. கண்ணில் பட்டு மனத்தில் தங்கும் அச்சத்தை.

கேட்டுப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

இரண்டாவது வழி, நேராகப் போய்க் கேட்பது. மார்க் கோஹனும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் சுமார் 1,300 பேரிடம் கேட்டார்கள்: உங்கள் பகுதியில் குறிப்பிட்ட ஒரு குற்றத்தை 10 விழுக்காடு குறைக்கும் திட்டம் இருந்தால், ஆண்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 முதல் 150 டாலர் வரை என்று விடை வந்தது. இதை ஒரு குற்றத்துக்கு இவ்வளவு என்று மாற்றும் முறை எளிது. ஒரு கற்பனை நகரத்தில் ஒரு லட்சம் குடும்பங்கள் ஆளுக்கு 100 ரூபாய் கொடுக்கின்றன என்று வையுங்கள். மொத்தம் ஒரு கோடி. அதனால் 50 திருட்டுகள் தவிர்க்கப்படும் என்றால் ஒரு திருட்டைத் தவிர்ப்பதன் மதிப்பு 2 லட்சம். கோஹன் குழு 2004இல் வெளியிட்ட கணக்கு இப்படி வந்தது: வீடு புகுந்து திருடுவது ஒன்றுக்கு 25,000 டாலர், கடுமையான தாக்குதலுக்கு 70,000, ஆயுதமுனையில் கொள்ளைக்கு 2,32,000, பாலியல் வன்முறைக்கு 2,37,000, கொலைக்கு 97 லட்சம் டாலர்.

வீட்டில் களவு போன தொலைக்காட்சியும் நகையும் 25,000 டாலர் பெறுமா என்று கேட்காதீர்கள். களவு போகாத வீட்டுக்காரர்களின் தூக்கமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவரின் கவலை இருக்கிறது. முன்பின் அறியாத மற்றவர்களும் நன்றாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணமும் இருக்கிறது. ஜென்ஸ் லுட்விக், ஃபிலிப் குக் இருவரும் 1998இல் நடந்த தேசியக் கருத்தாய்வை வைத்துக் கணக்கிட்டபோது, துப்பாக்கித் தாக்குதல்களை 30 விழுக்காடு குறைப்பதற்கு அமெரிக்கர்கள் தரும் மதிப்பு 2,450 கோடி டாலர் என்று வந்தது. தங்களுக்குக் குண்டு பட வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவர்களும் அதில் பங்கு கொடுக்க முன்வந்தார்கள்.

கேட்டறியும் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதையும் தேலர்தான் தம் ஆய்வு மாணவப் பருவத்தில் முதலில் தொட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு உயிராபத்தை நீக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். அதே அளவு ஆபத்தைப் புதிதாக ஏற்றுக்கொள்ள எவ்வளவு கேட்பீர்கள் என்றும் கேட்டார். பாடப்புத்தகத்தின்படி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வந்த விடைகளோ மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. கொடுப்பதற்குச் சொன்னது சில ஆயிரம் டாலர். ஏற்பதற்குக் கேட்டது லட்சக்கணக்கில். கொடுக்கும்போது பை தடுக்கிறது. ஏற்கும்போது தடுப்பதற்கு எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆபத்துக்குள் குடியிருக்கும் ஏழையிடம், அதிலிருந்து விடுபட எவ்வளவு கொடுப்பாய் என்று மட்டும் கேட்பது, அவருடைய பை எவ்வளவு சிறியது என்று கேட்பதாகவே முடியும்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்கள்

குற்றம் பெருகினால் வசதியுள்ளவர் என்ன செய்கிறார்? இடம் மாறுகிறார். ஜூலி கல்லன், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1999இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, நகரத்தில் பதிவாகும் குற்றம் ஒன்று கூடினால் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒருவர் குறைகிறார். போகிறவர்களில் படித்தவர்களும் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் அதிகம். அவர்களோடு அவர்கள் கட்டிய வரியும் போகிறது. மிஞ்சியவர்களுக்குக் குறைந்த வரிப்பணமும் அதே குற்றமும்.

போக முடியாதவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும்? 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் அமெரிக்க அரசு இதைச் சோதித்தது. அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களுக்குள் குலுக்கல் போட்டு, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகைச் சீட்டு கொடுத்தார்கள். ஏன் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, நல்ல வீடு என்றோ நல்ல பள்ளி என்றோ பெரும்பாலானோர் முதலில் சொல்லவில்லை. நான்கில் மூன்று பங்கினர், ரவுடிக் கும்பல்களிடமிருந்தும் போதைப்பொருள் வியாபாரத்திடமிருந்தும் தப்புவதை முதல் அல்லது இரண்டாம் காரணமாகச் சொன்னார்கள்.

இடம் மாறிய பெரியவர்களின் சம்பளம் கூடவில்லை. பணத்தை மட்டும் பார்த்தவர்கள் திட்டம் தோல்வி என்றார்கள். ஆனால் அவர்களுடைய மன நலம் தேறியிருந்தது. 2012இல் வந்த மதிப்பீட்டின்படி, சுற்றுப்புறத்தின் வறுமை ஒரு திட்ட விலக்கம் குறைந்ததால் வந்த மன நிறைவு, ஆண்டு வருமானத்தில் 13,000 டாலர் கூடினால் காணப்படும் நிறைவுக்கு ஒப்பாக இருந்தது. அந்தக் குடும்பங்களின் மொத்த ஆண்டு வருமானமே சராசரியாக 20,000 டாலர்தான். சுற்றுப்புறம் என்பதில் பாதுகாப்போடு வேறு பலவும் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். 20,000 சம்பாதிக்கிறவர் 13,000 பெறுமானமுள்ள நிம்மதியைச் சந்தையில் வாங்கியிருக்க முடியுமா? வீட்டு விலையைக் கொண்டு அளந்திருந்தால் இவருடைய தேவை கணக்கில் தெரிந்திருக்கவே செய்யாது. பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டினார்கள். பாதகமான சூழலுக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதியை அடுத்த தலைமுறை கட்டுகிறது என்பது அதன் பொருள்.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரே பட்டத்தைப் பல கல்லூரிகள் வழங்குகின்றன. அவற்றுக்குள் தர வரிசை உண்டு. அந்தந்த ஆண்டின் தகுதி மதிப்பெண்ணே அதைக் காட்டிவிடும். வெளியூர் விடுதிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே போய்வரும் மாணவ மாணவியர் ஏராளம். கிரிஜா போர்க்கர் என்ற பொருளியலாளர் சுமார் 4,000 மாணவர்களின் மதிப்பெண், சேர்ந்த கல்லூரி, வீட்டிலிருந்து அங்கு போகும் வழி ஆகியவற்றைத் திரட்டினார். எந்த வழி எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு, மக்களே தெருக்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு செயலியின் தரவுகளை இணைத்தார். பெண்கள் தங்களுக்கு இடம் கிடைக்கக்கூடிய மேல்தரக் கல்லூரியை விட்டுவிட்டு, பாதுகாப்பான வழியில் உள்ள கீழ்ப்பாதித் தரக் கல்லூரியை ஏற்கத் தயாராக இருந்தார்கள். ஒரு திட்ட விலக்கம் பாதுகாப்பான வழிக்காக, ஆண்களைவிட ஆண்டுக்குச் சுமார் 18,800 ரூபாய் கூடுதலாகப் பயணச் செலவு செய்யவும் தயாராக இருந்தார்கள் என்பது அவருடைய தொடக்க மதிப்பீடு. அங்கே கல்லூரிக் கட்டணமே அதில் பாதிதான்.

இந்தச் செலவு எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகாது. அந்தப் பெண்ணைப் பேருந்தில் யாரும் சீண்டவில்லை. ஏனென்றால் அந்தப் பேருந்தில் அவர் ஏறவே இல்லை. புள்ளிவிவரத்தில் அந்த வழித்தடம் அமைதியானது. அந்த அமைதிக்கு அவர் கொடுத்தது ஒரு நல்ல கல்லூரி. அதன் வழியே வந்திருக்கக்கூடிய வேலையும் சம்பளமும். ரியோ டி ஜெனிரோவில் புறநகர் ரயிலில் பயணம் செய்யும் பெண்களிடம் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் வந்தது. பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியில் ஏறுவதற்காக, கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈடான பணத்தை விட்டுக்கொடுக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

தனியே வாங்குவதும் சேர்ந்து வாங்குவதும்

சரி, ஒவ்வொருவரும் தம் சக்திக்கு ஏற்பப் பாதுகாப்பை வாங்கிக்கொள்ளட்டுமே என்று சொல்லலாம். மதிலை உயர்த்து, கம்பிக்கதவு போடு, வாட்ச்மேன் வை. இதில் உள்ள தொல்லை என்னவென்றால், என் வீட்டுப் பூட்டு திருடனைத் திருத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோஜாக் என்ற கருவி அறிமுகமானது. காருக்குள் ஒளித்துவைக்கும் சிறு வானொலி அலைபரப்பி அது. கார் களவு போனதாகப் புகார் கொடுத்தால், காவல்துறை அதைப் பின்தொடர்ந்து வண்டியையும் ஆளையும் பிடித்துவிடும். வண்டியின் வெளிப்புறத்தில் எந்த அடையாளமும் இராது. எந்தக் காரில் கருவி இருக்கிறதென்று திருடனுக்குத் தெரியாததால், எல்லாக் கார்களுக்கும் அவன் அஞ்ச வேண்டியதாயிற்று. இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1998இல் கணக்கிட்டபோது, சமூகத்துக்குக் கிடைத்த மொத்தப் பயனில் பத்தில் ஒரு பங்குகூடக் கருவி வாங்கியவருக்குப் போகவில்லை. மீதி முழுவதும் வாங்காதவர்களுக்கு. அப்படியானால் தன் பயனை மட்டும் எண்ணிப் பார்க்கும் தனி மனிதர் இதைக் குறைவாகத்தான் வாங்குவார். மதில் அதிகமாக விற்கும், லோஜாக் குறைவாக விற்கும். ஊருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. பாதுகாப்பைச் சேர்ந்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருளியல் காரணம் எனக்குத் தெரியாது.

சேர்ந்து வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள். நியூயார்க் நகரில் 2016இல் அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிலவற்றில் மட்டும் மிகுந்த ஒளி தரும் விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். அங்கு இரவில் திறந்தவெளியில் நடக்கும் கடுங்குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளை எடுத்து, சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றைத் துப்புரவு மட்டும் செய்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவுகளின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. சீர்செய்த மனைகளுக்கு அருகில் வாழ்வோரிடம், வீட்டைவிட்டு வெளியே போவது பற்றிய கவலை 58 விழுக்காடு குறைந்தது. திறந்தவெளியில் கூடிப் பேசிப் பழகுவது 76 விழுக்காடு கூடியது. லண்டன் வீட்டு விலைகள் மறைமுகமாகச் சொன்னதை ஃபிலடெல்ஃபியாவின் காலி மனைகள் நேரடியாகச் சொல்லிவிட்டன. பயனில் பெரும்பங்கு, நடக்காமல் போன குற்றத்தைவிட, மீண்டும் வெளியே வந்த மனிதர்களிடம் இருக்கிறது.

நம் நகரங்களில் எதை எண்ணுவது?

நம் விவாதங்களில் குற்றத்தை அளக்கும் கோல் ஒன்றே ஒன்று: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. அது பதிவான வழக்குகளின் தொகுப்பு. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. புகாரை மறுக்காமல் வாங்கும் நேர்மையான நகரம் பட்டியலில் மேலேறிக் கெட்ட பெயர் வாங்கும். முதல் தகவல் அறிக்கை எழுத மறுக்கும் நகரம் நல்ல பெயரோடு கீழே இருக்கும். இதை வைத்து எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று முடிவெடுப்பது எப்படி?

பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து பாதுகாப்பான நகரத் திட்டம் வகுக்கப்பட்ட எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதற்கு முன்பே ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில், பொதுமக்களும் வணிகர்களும் பணம் போட்டுத் தெருவெங்கும் கண்காணிப்புக் கேமராக்களை நிறுவும் இயக்கத்தைச் சென்னைக் காவல்துறை நடத்தியது. நல்ல முயற்சி. ஆனால் மக்கள் பங்களிப்பை நம்பும் எந்தத் திட்டத்திலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் தெரு முதலில் பணம் திரட்டும்? நான் இதுவரை விவரித்த பணப்பைச் சிக்கல் அங்கே வாசலிலேயே நிற்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. பேருந்துக்கான விலை பூஜ்யமாகிவிட்டது. நிறுத்தத்திலிருந்து வீடு வரை உள்ள இருட்டின் விலை அப்படியே இருக்கிறது. அதற்காகத்தான் ஒரு பெண் இரவுப் பணியை மறுக்கிறார்; ஒரு தந்தை கடையைச் சாத்திவிட்டு மகளை அழைத்துவரப் போகிறார்.

இவற்றை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய அரசு 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியிருக்கிறது. ஒருவர் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார் என்பதை அரை மணி அரை மணியாகப் பதிவு செய்யும் ஆய்வு அது. அதனோடு சில கேள்விகளைச் சேர்த்தால் போதும். பாதுகாப்பு கருதி இந்த வாரம் எந்தப் பயணத்தைத் தவிர்த்தீர்கள்? எந்த வழியைச் சுற்றிப் போனீர்கள்? உங்களை அழைத்துவர யார், எவ்வளவு நேரம் செலவிட்டார்கள்? எந்த வேலையை, எந்தப் படிப்பை வேண்டாம் என்றீர்கள்? விடைகளை ரூபாயாக மாற்றும் கலையைப் பொருளியல் ஐம்பது ஆண்டுகளாகப் பழகியிருக்கிறது.

மாணவர்களே, இந்தத் துறையில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நுட்பமான கணித மாதிரிகள் ஏராளமாக வந்துவிட்டன; அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எதை எண்ணுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒரே நகரத்தின் தெருக்களைக் கொடுக்கும் பணத்தின்படி வரிசைப்படுத்தி ஒரு பட்டியலும், இழந்த நேரம், படிப்பு, வேலையின்படி இன்னொரு பட்டியலும் போடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நான் இன்று சொன்னது தவறு என்று நிறுவியவர்கள் ஆவீர்கள். ஒத்துவராது என்பது என் கணிப்பு. அப்போது இரண்டாவது பட்டியலை எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போங்கள். செலவுக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே போட்டுவைத்திருப்பார்கள். பயன் கணக்கை நீங்கள் கொடுங்கள்.